மரத்துக்கு அளவெடுத்த நானா

அவருடைய பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியும் அவர் காதுக்குப் போய்ச் சேரும். காத்தான்குடியில் மகள் வீட்டிலிருந்து போன் எடுத்து, ஒரு அளவு பிழையாக இருக்கிறது தம்பி என்று ஆரம்பித்தால் என் பொழுது அதோடு சரி. எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல நானா என்றே வைத்துக்கொள்வோம். மாத்தளை டவுனில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மார்க்கட்டுக்குப் பின்தெருவில் அவருடைய தையல் கடை. பள்ளிக்கூட யூனிபோர்ம், கல்யாணக் கோட்டு, அரசாங்க உத்தியோகத்தர்களின் களிசான் எல்லாம் அங்கேதான் தைக்கப்படும். கடைக்கு நேர் எதிரே, வீதிக்கு மறுபக்கம், ஒரு பெரிய மாரா மரம். அதன் அடியில் எங்கள் ஓட்டோ ஸ்டாண்ட். பதினேழு வருசம் அந்த நிழலில் வண்டியைப் போட்டிருந்தேன், ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஓட்டோக்காரனுக்குக் கூரைக்கு மேலே என்ன இருந்தால் என்ன? காகம் வண்டி மேலே எச்சம் போட்டால் மட்டும் மரத்தைத் திட்டுவேன்.

நானாவுக்கு ஒரு வியாதி இருந்தது. யார் என்ன அளவு சொன்னாலும் நம்ப மாட்டார். "அளந்தா சொல்றீங்க?" என்று கேட்பார். கோபமில்லாமல், கண்ணாடிக்கு மேலால் பார்த்து, நிதானமாகக் கேட்பார். கேட்கப்பட்டவனுக்குத்தான் எரியும். குழாய் பதிக்க வந்தவன் பத்தடி என்றால் கேட்பார். மீன்காரன் இரண்டு முழ நீளக் கெளவல்லா வந்திருக்கிறது என்றால் கேட்பார். கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்துக்குப் போய், ஐந்நூறு பேர் உட்காரலாம் என்று மாமனார் சொன்னது சரிதானா என்று டேப் பிடித்துப் பார்த்த மனுசன் இவர் என்று அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் ராத்தா, சிரித்துச் சிரித்துச் சொல்வார். முந்நூற்றுப் பத்துப் பேர்தானாம். மாமனார் சாகும்வரை அதை மறக்கவில்லை.

மனுசர்களைப் பார்த்தாலும் அவருக்கு இடுப்புத்தான் தெரியும். காலையில் நான் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கினால், வணக்கத்துக்குப் பதிலாகக் கடைக்குள்ளேயிருந்து "முப்பத்தெட்டரை" என்று சத்தம் வரும். கூட நிற்கிறவன்கள் பல்லைக் காட்டுவான்கள். ஒரு மனுசனுக்கு இப்படியா காலை வணக்கம் வைப்பது என்று நானும் முறைப்பேன்.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருசம் ஒன்று வந்ததே, அந்த வருசம்தான் நான் அவரோடு சைக்கிள் ஏறினேன். ஓட்டோ கட்டையில் நின்றது. வீட்டில் இருந்தால் பெண்டாட்டி தேங்காய் துருவச் சொல்கிறாள், ஸ்டாண்டுக்கு வந்தால் வேலையில்லாத ஆறு பேர் ஒரே அரசியலைப் பேசுகிறான்கள். நானாவிடம் கைப்பிடி தேய்ந்த பழைய சைக்கிள் ஒன்று இருந்தது. ஞாயிறு காலையானால் அதில் எங்கேயோ போவார், பகல் தொழுகைக்குத் திரும்பிவிடுவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். மரம் அளக்க என்றார். எந்த மரம் என்றேன். இந்த ஊரிலேயே பெரியது, பழையது எல்லாம் என்றார். விசர் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தேங்காய் துருவுவதை விட அது மேல் என்று, மச்சானின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் பாதிதான் பிடிக்கும், மீதிக்கு என் செருப்பு.

மாத்தளையில் சைக்கிள் ஓட்டுவது என்றால் பாதி வழி உருட்டுவதுதான். ஏற்றத்தில் நானா இறங்கி, சைக்கிளின் முதுகைத் தட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நடப்பார். நான் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் வருவேன். இத்தனை வருசம் இந்த ஏற்றங்களை இரண்டாம் கியரில் ஏறியவனுக்கு அவை ஏற்றம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருடைய சாமான் ஒரு டேப். சாதாரணத் தையல் டேப் ஐந்து அடிதான் வரும், அது எந்த மரத்துக்குப் போதும்? ஆகவே நாலு டேப்பை முனையோடு முனை வைத்து மெசினில் தைத்து இருபது அடியாக்கி வைத்திருந்தார். உலகமே இழுத்தாலும் பிரியாது என்று பெருமையாகச் சொல்வார். சுது கங்கைக் கரையில் இருந்த கும்புக் மரத்தைத்தான் முதலில் அளந்தோம். அவர் தன் நெஞ்சுக்கு நேரே டேப்பின் முனையை மரத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் மற்ற முனையோடு வேர் தாண்டி, முள் தாண்டி, எறும்புக் கூட்டம் தாண்டிச் சுற்றி வர வேண்டும். வந்ததும் அவர் குனிந்து வாசிப்பார். பிறகு கொப்பியில் நீல மையால் எழுதுவார். கொப்பியில் ஒரு பக்கம் ஆட்கள் சொன்ன அளவு, மறுபக்கம் உண்மையான அளவு. வயதை மட்டும் எழுத மாட்டார். வயதுக்கு அவரவர் வாய்தான் சாட்சி, மரத்திடம் அடையாள அட்டையா இருக்கிறது என்பார்.

இதெல்லாம் எதற்கு நானா என்று ஒரு நாள் கேட்டேன். கால் வலியில் கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன். அவர் ஒரு புளிய மரத்தில் சாய்ந்துகொண்டு யோசித்தார்.

"தம்பி, முப்பது வருசமா மனுசனுக்கு அளவெடுக்கிறேன். டேப்பை இடுப்புல போட்டதும் எல்லாரும் மூச்ச உள்ள இழுத்துக்குவாங்க. ஏழையும் இழுப்பான், பணக்காரனும் இழுப்பான், ஹாஜியாரும் இழுப்பாரு. நீங்களும் இழுக்கிறீங்க. மரம் இழுக்காது."

நான் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான், நானும் இழுக்கிற ஆள்தான்.

ஊரில் பள்ளிவாசல் புளிதான் பெரியது என்று ஒரு கட்சி, கோயில் அரச மரம்தான் பெரியது என்று ஒரு கட்சி, விகாரையின் போதிதான் என்று இன்னொரு கட்சி. நானா முதலில் தன் பள்ளிவாசல் புளியைத்தான் அளந்தார். சொன்னதை விட இரண்டடி குறைந்தது. பள்ளிவாசல் தலைவர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கோயில் அரசு, அது ஒன்றரை அடி குறைவு. தர்மகர்த்தா என்னைப் பார்த்து, நம்ம ஆளாக இருந்துகொண்டு நீயுமா கூட வந்தாய் என்றார். விகாரையில் பெரிய ஹாமுதுரு, தலைமைப் பிக்கு, தானே வந்து டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயும் ஒரு அடி குறைந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்து, எங்களுக்கு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி மனத்தாங்கலை வாங்கிக் கட்டிக்கொண்டதால் நானா மேல் யாருக்கும் தனிக் கோபம் நிலைக்கவில்லை.

டவுன் முடிந்ததும் வெளியே போனோம். பல்லேபொலயில் ஒரு சிங்கள அம்மாவின் தோட்டத்தில் பலா மரம். மிளகுக் கொடி கழுத்து வரை ஏறியிருந்தது. இந்தப் பக்கத்திலேயே பலாவில் இதுதான் முதலாவது என்று அந்த அம்மா கையைக் காட்டினார். நானா அளந்துவிட்டு, இரண்டாவது என்றார். முதலாவது உக்குவளையில் இருக்கிறதாம். அந்த அம்மா முகம் சிவந்துபோய் உள்ளே போனார். சரி, கத்தியோடுதான் வரப் போகிறார் என்று நான் சைக்கிளைத் திருப்பி வைத்தேன். அவித்த பலாக்கொட்டையும் தேங்காய்ச் சொட்டும் எடுத்து வந்து வைத்தார். நாங்கள் தின்று முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று எங்களைத் திட்டினார். அப்படி ஒரு ருசியான ஏச்சை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை.

லக்கலவுக்கு மட்டும் நான் போகவில்லை. அந்தப் பக்கம் யானை வரும், எனக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் தனியே போய், மூன்றாம் நாள் ஒரு டிராக்டரின் பெட்டியில் சைக்கிளோடு வந்து இறங்கினார். யானையைப் பார்த்தீர்களா என்று ஸ்டாண்டே சூழ்ந்துகொண்டது. பார்த்தாராம். கிட்டத்தில் விடவில்லையாம், அதனால் அளவு தெரியாதாம்.

இப்படி அறுபத்திரண்டு மரம் கொப்பியில் ஏறியது. எங்கள் ஸ்டாண்டு மாரா நாலாவது இடம். பதினெட்டு அடி முக்கால் அங்குலம். அந்த மரத்தில் மனுசனுக்கு உயிர். வாய் திறந்து சொன்னதில்லைதான். ஆனால் மெசினை வாசலைப் பார்த்துப் போட்டிருப்பார், தலையைத் தூக்கினால் அந்த மரம் மட்டும்தான் தெரியும். சாயந்தரம் அதன் இலையெல்லாம் மடங்கத் தொடங்கினால்தான் கடையைப் பூட்டுவார்.

அப்போதுதான் வீதி அகலிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மரம் வீதிக்குள் வருகிறது. ஒரு பெண் இஞ்சினியர், இளம் வயது, தொப்பி போட்டுக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல பிள்ளை, மிஸ் என்றே கூப்பிட்டோம். எங்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னார். மேலிடத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாம். சுற்றளவு பதினெட்டு அடியும் அதற்கு மேலும் இருந்தால் மரத்தை விட்டு வீதியை வளைக்கலாம், அதற்குக் குறைந்தால் வெட்ட வேண்டும். எங்களுக்கு உயிர் வந்தது. முக்கால் அங்குலம் மேலே இருக்கிறதே! நான் ஓடிப்போய் நானாவையும் கொப்பியையும் கூட்டிவந்தேன்.

மிஸ் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காக எங்கள் கந்தோரிலும் எழுத மாட்டார்கள் என்றார். இந்தக் கணக்கே போதும், இதையே எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவைத் திறந்தார். விசயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"மிஸ், நீங்க அளக்காம எப்பிடி எழுதுவீங்க? உங்க டேப்பை எடுங்க" என்றார் நானா.

மிஸ் வேண்டாம் என்றார். இவர் விடவில்லை. ஜீப்பிலிருந்து இரும்பு டேப் வந்தது. நெஞ்சு உயரத்தில் சுற்றினார்கள். மிஸ் வாசித்தார், மறுபடி வாசித்தார். பதினேழு அடி பதினொன்றேகால் அங்குலம்.

நானா இன்னொரு தடவை சுற்றச் சொன்னார். அதே அளவு. தன் துணி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, ஜீப்பின் பொனட்டில் இரும்பு டேப்புக்குப் பக்கத்தில் நீட்டிப் போட்டார். முதல் தையல் வரும் இடத்தில் விரலை வைத்தார். அதைத் தாண்டியதும் துணி டேப்பின் கணக்கு இரும்பு டேப்பை விட அரை அங்குலம் முந்தி நின்றது.

தையல்காரர் துணியோடு துணி வைத்துத் தைத்தால் விளிம்பில் அரை அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றித்தான் தைப்பார். கை தானாகச் செய்யும். டேப்பையும் அப்படியே தைத்திருக்கிறார். ஒவ்வொரு தையலும் அரை அங்குலத்தை விழுங்கிவிட்டது, இவர் டேப்புக்கு ஐந்தடி என்று கணக்குப் போட்டிருக்கிறார். பதினெட்டு அடி மரத்துக்கு மூன்று தையல், ஒன்றரை அங்குலம் பொய். ஊரில் ஒருவன் சொன்ன அளவையும் நம்பாத மனுசன் தன் டேப்பை மட்டும் அளந்து பார்க்கவில்லை.

"பிழை என்னோடது மிஸ். நீங்க அளந்ததையே எழுதுங்க" என்றார். மிஸ் எழுதினார். போகும்போது ஒரு ஆள் வந்து, வெட்டுவதற்கு அடையாளமாக, டேப் சுற்றிய இடத்திலேயே மரத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டான். நான் அன்றைக்கு நானாவைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. உன் வாயால்தான் மரம் போச்சு என்றேன், நீ வா போ என்று ஒருமையில் பேசினேன். பதினொரு நாள் அந்தக் கடைப் பக்கம் திரும்பவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானா சைக்கிளோடு என் வீட்டு வாசலில் நின்றார். கையில் புது இரும்பு டேப். அறுபத்திரண்டையும் திரும்ப அளக்க வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார். வர மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்டாட்டி என் தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

ஐந்து மாதம் பிடித்தது. ஒவ்வொரு மரத்தையும் அளந்து, பழைய கணக்கின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, மரத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, நான் சொன்ன அளவு பிழை என்று நேரிலே சொன்னார். பள்ளித் தலைவருக்கு அன்றைக்குப் பெருநாள். வட்டிலப்பம் கொடுத்துவிட்டு, அப்ப எங்கட புளி இன்னும் சின்னதா என்று கேட்டார். பல்லேபொல அம்மாதான் எங்களைத் திக்குமுக்காட வைத்தவர். உக்குவளைப் பலா கொஞ்சம் பருமன் என்பதால் டேப்பில் ஒரு தையல் கூடுதலாகத் தாண்டியிருக்கிறது, பொய்யும் அதற்குத்தான் கூட. திருத்திப் பார்த்தால் அந்த அம்மாவின் மரமே முதலாவது! அன்றைக்குக் கோழிக் கறியோடு சோறு. அப்போதும் திட்டத்தான் செய்தார், ஒரு வருசம் என் மரத்தை இரண்டாவதாக்கி வைத்திருந்தாயே என்று.

இதற்கிடையில் வீதி வேலை நின்றுபோனது. நாட்டில் தாரும் இல்லை, டீசலும் இல்லை, வேலைக்கு வந்த மெசினும் போய்விட்டது. பெற்றோல் திரும்பி வந்து நான் ஓட்டோ ஓட்டத் தொடங்கிய பிறகும் மரம் சிவப்புக் கோட்டோடு நின்றது. மாரா வேகமாகப் பருக்கிற சாதி. முக்கால் அங்குலம்தானே, வளர்ந்திருக்குமே என்று நாங்கள் நச்சரித்தோம். நானா மற்ற மரங்களையெல்லாம் போய் அளப்பார், எதிரே நிற்கிற இதை மட்டும் தொட மாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு அது வேணும் தம்பி. வேணும்னு நெனச்சிக்கிட்டு டேப்பைப் புடிச்சா கை பொய் சொல்லும். என்னால ஏலா" என்றார்.

ஒன்றரை வருசத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மெசின் திரும்பி வந்தது. ஜீப்பில் அதே மிஸ். எங்கள் ஸ்டாண்டு முழுக்க அவரைச் சுற்றி நின்று இன்னொரு தடவை அளந்து பாருங்கள் என்று கெஞ்சியது. வேறு யாராவது என்றால் முடியாது என்றிருப்பார் போல. கொப்பியில் இருந்ததையே எழுதிக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோதும் அளக்கச் சொன்ன மனுசனின் மரம் இது, இன்னொரு தடவை அளக்காமல் நான் வெட்ட மாட்டேன் என்றார். நானாவைத் தேடினேன். அவர் கடைக்குள்ளே, தையல் மெசினை விட்டு எழும்பி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். டேப் பிடிக்க வாருங்கள் என்று கூப்பிட்டேன். நீங்கள் பிடியுங்கள் என்று திரும்பாமலே கையை ஆட்டினார்.

மிஸ் முனையைப் பிடித்துக்கொள்ள, நான் டேப்போடு மரத்தைச் சுற்றிப் போனேன். மரத்துக்குப் பின்பக்கம் மதில். அங்கே என்னை யாரும் பார்க்க முடியாது. மரத்தில் ஒரு புடைப்பு இருந்தது. கோட்டுக்கு நாலு விரல் மேலே டேப்பைத் தூக்கிப் புடைப்பின் மேல் போட்டால் இரண்டு அங்குலம் கட்டாயம் ஏறும். ஒரு செக்கன்ட் வேலை. எனக்கு ஆசை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கை மேலே போனது, பிறகு இறங்கியது. டேப்பைக் கோட்டின் மேலேயே வைத்து, ஓர் இடம் தொய்யாமல் பட்டையோடு பட்டையாக அழுத்திக்கொண்டு வந்தேன். விரல் நுனி உரிந்து இரத்தம் கசிந்தது.

மிஸ் குனிந்து வாசித்தார். பதினெட்டு அடி கால் அங்குலம்.

ஸ்டாண்டில் விசில் பறந்தது, எவனோ ஹோர்னை அழுத்திப் பிடித்தான். நான் வீதியைத் தாண்டிக் கடைக்குள் போனேன். நானா இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நின்றார். பதினெட்டு அடி கால் அங்குலம் நானா என்றேன். திரும்பினார். இனி டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார், மூன்று தடவை அளப்பார் என்று நான் வழிவிட்டு ஒதுங்கினேன். அவர் என் கையைப் பார்த்தார், உரிந்த விரலைப் பார்த்தார். அளந்தா சொல்றீங்க என்று கேட்கவில்லை. லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் சொன்ன அளவை அப்படியே நீல மையால் எழுதினார்.